ஒரே நோய், வேறு வேறு வீடு: நோயாளிக்கு ஏற்ற ஹெல்த் எஜுகேஷனைத் தயாரிப்பதும் சொல்வதும்

நர்சிங் இறுதியாண்டு படிக்கும் மாணவி ஒருவரின் கேள்வி இது: "சர்க்கரை நோயாளிக்குக் கேர் பிளான் (பராமரிப்புத் திட்டம்) எழுதும்போது ஹெல்த் எஜுகேஷன் பகுதியில் உணவு, உடற்பயிற்சி, மருந்து, கால் பராமரிப்பு என்று எதையும் விடாமல் எழுதுகிறேன். ஆனாலும் 'இது இந்த நோயாளிக்கானதாக இல்லை' என்று மேடம் சிவப்பு மையில் சுழித்துத் தருகிறார். நோயாளிக்கு ஏற்றபடி தயாரிப்பது என்றால் என்ன? வார்டில் அதை எப்படிச் சொல்ல வேண்டும்?"

உங்கள் மேடம் சுழித்தது சரிதான். நீங்கள் எழுதியதில் தவறான வரி ஒன்றுகூட இருக்காது. ஆனால் அந்தத் தாளில் நோயாளியின் பெயரை அழித்துவிட்டுப் பக்கத்துக் கட்டில்காரர் பெயரை எழுதினாலும் அது அப்படியே பொருந்தும். நீங்கள் சர்க்கரை நோய்க்குப் பாடம் தயாரித்திருக்கிறீர்கள், அந்தக் கட்டிலில் படுத்திருப்பவருக்கு இன்னும் தயாரிக்கவில்லை.

22 வருடங்களாக வார்டில் இருக்கிறேன். இந்த வித்தியாசம் எனக்குப் புரிந்தது என்னுடைய ஒரு தவறால்தான், அதனால் அதையே முதலில் சொல்கிறேன்.

ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒருவர் எங்கள் வார்டில் சேர்ந்திருந்தார். மாத்திரையில் சர்க்கரை கட்டுப்படாததால் 30/70 கலவை இன்சுலின் (வேகமாக வேலை செய்வதும் மெதுவாக வேலை செய்வதும் கலந்தது) காலை, இரவு இரண்டு வேளை என்று ஆரம்பித்தார்கள். டிஸ்சார்ஜ் அன்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். "காலையிலயும் ராத்திரியும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால போட்டுக்குங்க ஐயா." ஊசி போடும் முறையையும் காட்டினேன். தலையாட்டினார். கேஸ் ஷீட்டில் 'ஹெல்த் எஜுகேஷன் கொடுக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒன்பதாம் நாள் நினைவில்லாமல் கொண்டுவந்தார்கள். சர்க்கரை 34-க்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றியதும் கண் விழித்துவிட்டார். அவர் மனைவி என்னைப் பார்த்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "நீங்க சொன்ன மாதிரியேதான் போட்டாரு சிஸ்டர்."

உண்மைதான். அவர் ஒரு குடோனில் இரவுக் காவலாளி. காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வருவார். அன்றும் நான் சொன்னபடி ஊசி போட்டிருக்கிறார். அரை மணி நேரம் கழித்துத்தானே சாப்பிட வேண்டும் என்று பாயில் சாய்ந்திருக்கிறார். இரவெல்லாம் விழித்திருந்த உடம்பு, அப்படியே தூங்கிவிட்டது. மனைவி ஆறரைக்கே வீட்டு வேலைக்குப் போய்விடுவார். பதினொரு மணிக்குத் திரும்பி வந்து பார்த்தபோது பாய் வியர்வையில் நனைந்திருந்ததாம்.

நான் சொன்னதில் தப்பில்லை, அவர் செய்ததிலும் தப்பில்லை. "நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க, எத்தனை மணிக்குத் தூங்குவீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அது நடந்திருக்காது. இரண்டாவது முறை கேட்டேன். அவர் நாள் ஓடும் விதத்தை மருத்துவரிடம் சொன்னதும், ஊசி நேரத்தையும் அளவையும் அவர் மாற்றி எழுதினார். அதை மாற்றுவது நம் வேலை இல்லை, மாற்ற வேண்டிய காரணத்தை அவர் கண்ணில் படவைப்பது நம் வேலை. மனைவி வேலைக்குக் கிளம்பும்போது இட்லியை ஹாட் பாக்ஸில் வைத்து, அதன் மூடி மேலேயே ஊசிப் பெட்டியை வைத்துவிட்டுப் போவது என்று அவர்களே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஊசி போட்ட பிறகு சாப்பிட்டு முடிக்கும்வரை உட்காரலாம், நிற்கலாம், பாய்ப் பக்கம் போகக் கூடாது. அவருக்கான ஹெல்த் எஜுகேஷன் மொத்தமே அந்த இரண்டு வரிதான். பாடப்புத்தகத்தில் அந்த இரண்டு வரியும் கிடையாது.

ஆகவே, தயாரிப்பது என்பது சார்ட் பேப்பரில் தொடங்குவதில்லை. நோயாளியின் ஒரு நாளைக் கேட்பதில் தொடங்குகிறது. காலையில் எழுந்ததும் முதலில் வாயில் போடுவது என்ன? வீட்டில் சமைப்பது யார்? மதியம் எங்கே, எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்? மருந்தை எங்கே வைத்திருக்கிறார், எடுத்துக் கொடுப்பவர் யார்? எழுத்து தெரியுமா, கண் தெரிகிறதா, கை நடுங்குகிறதா? கேள்வித்தாள் மாதிரி வரிசையாகக் கேட்காதீர்கள். பி.பி. பார்க்கும்போது ஒன்று, படுக்கை விரிப்பு மாற்றும்போது ஒன்று என்று கேட்டால் தானாகவே சொல்லிவிடுவார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. மருந்துப் பையைக் கட்டிலில் கொட்டச் சொல்லுங்கள். நம் ஊரில் அது பெரும்பாலும் ஒரு மஞ்சப்பை அல்லது ஜவுளிக்கடைப் பை. ஒரே மாத்திரை இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு அட்டையாக இருக்கும், இரண்டையும் போட்டுக்கொண்டிருப்பார். போன வருடம் நிறுத்தச் சொன்ன மாத்திரை இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த சூரணம் இருக்கும். அந்தப் பையைப் பார்த்த ஐந்து நிமிடத்தில் என்ன சொல்லித்தர வேண்டும் என்பதில் பாதி தெரிந்துவிடும்.

பயத்தையும் கேட்க வேண்டும். இன்சுலின் என்றதும் எங்கள் பக்கம் நிறைய பேர் நினைப்பது, "ஊசிக்கு வந்தாச்சுன்னா கடைசிக் கட்டம்." அந்த நினைப்பு நெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது 'வயிற்றில் தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டு' என்று நீங்கள் சொல்வது எதுவும் உள்ளே போகாது. 1950-களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையில் இருந்த உளவியலாளர்களுக்கு ஒரு கேள்வி எழுந்தது. காசநோயைக் கண்டுபிடிக்க இலவசமாக எக்ஸ்ரே எடுக்கிறோம், மக்கள் ஏன் வரமாட்டேன் என்கிறார்கள்? அதிலிருந்து பிறந்ததுதான் நீங்கள் பரீட்சைக்குப் படிக்கும் ஹெல்த் பிலீஃப் மாடல். அந்தப் படத்தை வரைந்து மார்க் வாங்குவதோடு விட்டுவிடாதீர்கள். இவருக்கு எது தெரியவில்லை என்று மட்டும் கேட்காமல், தெரிந்தும் இவரைத் தடுப்பது எது என்று கேட்க வேண்டும். அதைத்தான் அந்த மாடல் சொல்லித்தருகிறது.

அடுத்தது சொல். தமிழ்தானே பேசுகிறோம், புரிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். 'மயக்கம்' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சிலருக்கு அது நினைவு தப்புவது. சிலருக்கு அது தலைசுற்றல், கிறுகிறுப்பு. "மயக்கம் வந்தா சர்க்கரை சாப்பிடுங்க" என்று சொன்னால், நினைவில்லாமல் கிடப்பவர் வாயில் வீட்டார் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றிவிடுவார்கள். அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். "கை நடுங்கும், குப்புனு வேர்க்கும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், கண்ணைக் கட்டும், பசி பிடுங்கும், அப்போ சர்க்கரை. பேச்சு மூச்சில்லாம கிடந்தா வாயில எதுவும் ஊத்தக் கூடாது, 108-க்குப் போன் போடணும்" என்று இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும். முதல் பாதி நோயாளிக்கு, இரண்டாம் பாதி வீட்டாருக்கு. நினைவில்லாதவருக்கே முதலுதவி சொல்லிக்கொடுத்து அனுப்பிய காலமும் எனக்கு உண்டு.

'வெறும் வயிறு' இன்னொன்று. "வெறும் வயித்துலதான் வந்தேன் சிஸ்டர்" என்பார். ரத்தம் எடுத்த பிறகு, "காபி மட்டும்தான் குடிச்சேன்" என்பார். நம் வீடுகளில் காபி, டீ சாப்பாட்டுக் கணக்கில் வருவதே இல்லை. 'உப்பைக் குறையுங்கள்' என்றால் தட்டில் வைக்கும் உப்பை நிறுத்துவார்கள், ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் அப்படியே இருக்கும். காசநோய் மருந்து தொடங்குபவருக்கு 'பக்க விளைவு வந்தால் வாருங்கள்' என்று சொன்னால் போதாது. ரிஃபாம்பிசின் போட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அது ரத்தம் இல்லை, பயந்து மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். நோயாளி எந்தச் சொல்லைச் சொல்கிறாரோ அதையே எடுத்துப் பேசுங்கள். அவர் 'லோ சுகர்' என்றால் நீங்களும் 'லோ சுகர்', அவர் 'சுகர் எறங்கிப்போச்சு' என்றால் நீங்களும் அதுவே.

எதை விடுவது என்பதுதான் தயாரிப்பில் கடினமான வேலை. உங்கள் கேர் பிளானில் 15 குறிப்பு இருந்தால் நோயாளி வீட்டுக்கு எடுத்துப்போவது ஒன்றுகூட இருக்காது. அடுத்த ஒரு வாரத்தில் இவருக்கு ஆபத்து வரக்கூடிய இடம் எது, இதைத்தான் நான் பார்ப்பேன். புதிதாக இன்சுலின் தொடங்குபவருக்கு: சரியான அளவு எடுப்பது, ஊசியையும் சாப்பாட்டையும் சேர்த்தே பார்ப்பது, சர்க்கரை இறங்கினால் தெரிந்துகொள்வது. இந்த மூன்றும் உறுதியான பிறகுதான் மற்றதெல்லாம். கண் பரிசோதனை முக்கியம்தான், அடுத்த மாதம் கிளினிக்குக்கு வரும்போது சொல்லலாம்.

சொல்லிக்கொடுப்பதில் கை பேசுவது அதிகம். பூக்கட்டி விற்கும் பாட்டி ஒருவருக்குக் கற்றுக்கொடுத்ததைச் சொல்கிறேன். எழுத்து தெரியாது. "எனக்கு இதெல்லாம் வராது தாயி, தெனமும் இங்க வந்து போட்டுக்கிறேன்" என்று முதல் நாள் கையை இழுத்துக்கொண்டார். பத்து கிலோமீட்டர் பஸ்ஸில் வர வேண்டும். நான் இன்சுலின் வயலை (மருந்துக் குப்பியை) அவர் கையில் கொடுத்து, "விளக்குத் திரி திரிப்பீங்கல்ல பாட்டி, அது மாதிரி ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வச்சு மெதுவா உருட்டுங்க" என்றேன். கலவை இன்சுலினைக் குலுக்கக் கூடாது, பால் மாதிரி ஒரே சீராக வரும்வரை உருட்ட வேண்டும். இதைப் பல பேருக்கு விளக்கி அலுத்திருக்கிறேன். பாட்டிக்குத் 'திரி' என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது.

அடுத்தது அளவு. மருத்துவர் எழுதியது 14 யூனிட். எண் படிக்கத் தெரியாது, ஆனால் எண்ணத் தெரியும். நாள் முழுக்கப் பூவைக் கூறு கூறாக எண்ணிக் கட்டும் விரல்கள். சிரிஞ்சில் ஒரு கோடு ஒரு யூனிட். 14-ஆம் கோட்டில் சிவப்பு நூலைச் சுற்றிக் காட்டலாமா என்று யோசித்தேன். அவர் வேண்டாம் என்றார். "நூலு நகந்துரும். பெரிய கோட்டுக்கு மேல நாலு சின்னக் கோடு, அம்புட்டுதான?" பத்தில் இருக்கும் பெரிய கோட்டை அவரே அடையாளம் வைத்துக்கொண்டார். முதலில் 14 யூனிட் காற்றை இழுத்து வயலுக்குள் தள்ளுவது, பிறகு கவிழ்த்து மருந்தை இழுப்பது, குமிழி இருந்தால் விரலால் சுண்டி மேலே ஏற்றி வெளியேற்றுவது. மூன்றாம் முறை நான் வாயே திறக்கவில்லை. நாலாம் நாள் காலை ஊசியை என் முன்னால் தன் வயிற்றில் தானே போட்டுக்கொண்டார். "வலிக்கவே இல்லையே" என்று அவர் சொன்னபோது பக்கத்துக் கட்டிலில் ஊசிக்குப் பயந்து படுத்திருந்த அம்மா எழுந்து உட்கார்ந்து பார்த்தார். அன்றைக்கு அந்த அம்மாவுக்கு நான் தனியாக தைரியம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பாட்டி வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. 'இன்சுலினை 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள்' என்று அவரிடம் சொல்லி என்ன பயன்? மண்பானைக்குள் ஈர மணல் போட்டு, அதற்குள் இன்னொரு சின்னப் பானையை வைத்து, நனையாத டப்பாவில் வயலைப் போட்டு வெயில் படாத மூலையில் வைக்கச் சொன்னேன். மணல் காயாமல் தண்ணீர் தெளித்துவந்தால் குளிர்ச்சி நிற்கும். பிரித்த வயல் எதுவானாலும் அது தாங்கும் நாளுக்கு ஒரு கணக்கு உண்டு, அதனால் திறந்த தேதியை ஒட்டி அனுப்பினோம். ஃப்ரிட்ஜ் இருக்கும் வீட்டுக்கு வேறு எச்சரிக்கை: ஃப்ரீசரில் வைக்காதீர்கள், உறைந்துபோன இன்சுலின் பிறகு எதற்கும் உதவாது.

ஒருவருக்குச் சரியான வாக்கியம் இன்னொருவருக்கு ஆபத்தாகலாம். இதை அழுத்திச் சொல்கிறேன், நீங்கள் மனப்பாட வாக்கியங்களோடு வார்டுக்குப் போவதைத் தடுக்க இது ஒன்றே போதும். காவலாளிக்கு 'சாப்பாடு கண் முன்னால் இருந்தால்தான் ஊசி' என்று சொன்னேன். அதையே முதல் வகைச் சர்க்கரை நோய் (உடம்பில் இன்சுலினே சுரக்காத வகை) உள்ள பிள்ளையின் அம்மாவிடம் சொல்லிவிடக் கூடாது. அந்தப் பிள்ளை காய்ச்சலில் சாப்பிடாமல் கிடந்தாலும் இன்சுலின் முழுக்க நிற்கக் கூடாது, நின்றால் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்து. அந்த நாளில் எவ்வளவு போடுவது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக் கொடுக்க வேண்டும்.

சர்க்கரை இறங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிடம் பொறுத்துப் பார்ப்பது எல்லோருக்கும் சொல்வதுதான். ஆனால் அவர் வாக்லிபோஸ் மாத்திரையும் போடுகிறாரா என்று பையில் பாருங்கள். அந்த மாத்திரை, நாம் சாப்பிடும் சாதாரணச் சர்க்கரை குடலில் உடைவதைத் தாமதப்படுத்தும். அவருக்குக் குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். இதைச் சொல்லாமல் அனுப்பினால் சர்க்கரையைக் குடித்துவிட்டும் வியர்த்துக்கொண்டே இருப்பார்.

சிரிஞ்சும் அப்படித்தான். சிவப்பு மூடி சிரிஞ்சு ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள வயலுக்கு, ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கு. மருத்துவமனையில் 40 யூனிட் வயலில் பழகியவருக்கு மகன் வெளியூரிலிருந்து 100 யூனிட் வயல் வாங்கி வருவான். அதைச் சிவப்பு மூடியில் 10 கோடு இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். வீட்டில் வேறு இன்சுலின் யாராவது வாங்கிவரும் வாய்ப்பு உண்டா என்று கேட்டு, உண்டென்றால் இரண்டு மூடியையும் கையில் கொடுத்துக் காட்டுங்கள்.

பழைய நோயாளி என்றால் சொல்வதற்கு முன் வயிற்றைத் தடவிப் பாருங்கள். ஒரே இடத்தில் போட்டுப் போட்டு அங்கே மெத்தென்று தடித்திருக்கும். வலிக்காது என்பதால் அங்கேயே போடுவார், மருந்து சரியாக உறிஞ்சாது, அளவு ஏறிக்கொண்டே போகும். இடம் மாற்றச் சொல்லும்போது மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். புது இடத்தில் மருந்து முழுதாக வேலை செய்து சர்க்கரை சட்டென்று இறங்கலாம்.

'செருப்பில்லாமல் நடக்காதீர்கள்' என்று எல்லோரிடமும் சொல்கிறோம். தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகிறவரிடம் அது எடுபடாது. அவர் நேர்த்திக்கடனை விடமாட்டார். பாதம் மரத்திருக்கிறதா என்று மோனோஃபிலமெண்ட் என்ற மெல்லிய நைலான் இழையை வைத்துப் பரிசோதித்து, உணர்ச்சி இல்லை என்றால் அதை அவர் கண்ணாலேயே பார்க்க வையுங்கள். கண்ணை மூடச் சொல்லி, இழையால் எங்கே தொட்டோம் என்று கேட்டு, அவரால் சொல்ல முடியாமல் போகும்போது வரும் அமைதியில்தான் பேச்சைத் தொடங்க முடியும். செருப்போடு நடக்கிறேன், மலையடிவாரத்தில் கழற்றுகிறேன் என்று அவரே இறங்கிவருவார்.

துண்டுப்பிரசுரம் பற்றியும் கேட்பீர்கள். அச்சடித்ததைக் கொடுப்பதில் தவறில்லை, ஆனால் அதில் இவருக்கு வேண்டியதை மட்டும் பேனாவால் வட்டம் போட்டுக் கொடுங்கள். அதைவிட நல்லது ஓர் அட்டையில் அவருடைய மாத்திரை அட்டையின் வெட்டிய துண்டையே ஒட்டி, பக்கத்தில் நேரத்தைப் படமாக வரைவது. காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா என்றுதான் எல்லோரும் வரைவோம். அந்தக் காவலாளிக்கு நிலா என்றால் வேலை நேரம். அவர் அட்டையில் குடோன் கேட்டைத்தான் வரைந்தோம்: கேட் பூட்டியிருந்தால் வீட்டுக்கு வந்த நேரம், திறந்திருந்தால் கிளம்பும் நேரம். படம் அவர் யோசனை.

சொல்லும்போது வீட்டில் யார் உடன் இருக்க வேண்டும் என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். உப்பைப் பற்றிப் பேச வேண்டியது சமைக்கும் மருமகளிடம். ஊசி பற்றிப் பேச வேண்டியது இரவில் பக்கத்தில் படுப்பவரிடம். ஆனால் நோயாளியை ஒதுக்கிவிட்டு அவர் தலைக்கு மேலே மகனிடம் பேசாதீர்கள். நோய் அவருடையது, முதல் பேச்சு அவரிடம்தான். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வலர் பெண்கள் பி.பி., சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். உங்கள் நோயாளியின் ஊருக்கு வருபவர் யார் என்று கேளுங்கள். 'என்ன சொல்லிக்கொடுத்தோம்' என்று அட்டையில் இரண்டு வரி இருந்தால் அவர் அதைத் தொடர்ந்து பார்ப்பார்.

புரிந்ததா என்று சோதிப்பதில்தான் நம்மில் பலர் தவறுகிறோம். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் நம் மக்கள் "சரிங்க சிஸ்டர்" என்றுதான் சொல்வார்கள். வெள்ளை உடுப்புக்கு முன்னால் புரியவில்லை என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள். அதனால் கேள்வியை நம் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். "நான் சரியா சொன்னேனான்னு எனக்குத் தெரியணும் ஐயா. வீட்டுக்குப் போனதும் உங்க வீட்டம்மாகிட்ட இதை எப்படிச் சொல்வீங்க?" அல்லது, "சாயங்காலம் கை நடுங்குதுன்னு வச்சுக்குவோம், அப்போ என்ன செய்வீங்க, எனக்குச் செஞ்சு காட்டுங்க." டீச்-பேக் என்று புத்தகத்தில் படித்தது இதுதான். அவர் தப்பாகச் சொன்னால் "நான் சரியா சொல்லல போல" என்று வேறு விதமாகச் சொல்லுங்கள். அதே வாக்கியத்தைச் சத்தமாகத் திரும்பச் சொல்வதில் பயன் இல்லை.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். 40 நோயாளிக்கு ஒரு நர்ஸ் இருக்கும் டியூட்டியில் உட்கார்ந்து பேச நேரம் கிடைக்காது, எனக்கும் கிடைத்ததில்லை. ஆனால் இன்சுலின் ஒரு நாளைக்கு இரண்டு முறை எப்படியும் போடுகிறோம். முதல் நாள் நாம் போடும்போது அவர் பார்க்கட்டும். அடுத்த நாள் வயலை அவர் உருட்டட்டும். அதற்கடுத்த நாள் அவர் இழுக்கட்டும், நாம் அளவைப் பார்ப்போம். தனி நேரம் ஒரு நிமிடம்கூடக் கூடுவதில்லை. எல்லாவற்றையும் டிஸ்சார்ஜ் அன்றைக்குத் தள்ளினால்தான் நேரம் போதாது. அன்று அவர் மனது பஸ் நேரத்திலும் வீட்டுச் சாவியிலும் இருக்கும், நாம் பேசுவது காதில் விழாது.

இனி கேர் பிளானில் எழுதுவது. 'நோயாளியின் அறிவு மேம்படும்' என்ற குறிக்கோளை எழுதாதீர்கள், அதை யாராலும் அளக்க முடியாது. அந்தப் பாட்டிக்கு நான் எழுதியது கிட்டத்தட்ட இப்படி: "மூன்றாம் நாள் முடிவதற்குள் நோயாளி கலவை இன்சுலினை உருட்டி, கோடுகளை எண்ணி 14 யூனிட்டை உதவியின்றி எடுத்துக் காட்டுவார். சர்க்கரை இறங்குவதன் அறிகுறியில் மூன்றைத் தன் சொல்லில் சொல்வார். வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. பானை முறை விளக்கப்பட்டது, பேத்தியும் உடன் இருந்தாள்." மதிப்பீட்டுப் பகுதியில்: "எண்ணி எடுத்தது சரி, இரண்டு முறை. குமிழியை வெளியேற்ற ஒரு முறை மறந்தார், திரும்பக் காட்டப்பட்டது. அறிகுறியில் வியர்வை, நடுக்கம் இரண்டை மட்டும் சொன்னார். நாளை காலை மீண்டும் கேட்க வேண்டும்." அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு மறுநாள் காலை டியூட்டி சிஸ்டர் போய்க் கேட்டார். பாட்டி மூன்றாவதையும் சொன்னார்: "பேத்திகிட்ட காரணமில்லாம எரிஞ்சு விழுவேன்." அது புத்தகத்தில் 'எரிச்சல்' என்று இருக்கும் அறிகுறிதான். அதையும் அவர் சொல்லிலேயே எழுதிவைத்தோம்.